வைரம் வெளியே

தேக்கை அறுத்துப் பார்த்தபோது நடுவில் கருத்த வைரமும், அதைச் சுற்றி வெளுத்த மென்கட்டையும், ஆண்டுக்கு ஒன்றாக வளையங்களும் இருந்ததைச் சென்ற அத்தியாயத்தில் கண்டோம். அதே ரம்பத்தைப் பனையில் வையுங்கள். முதல் இரண்டு மூன்று அங்குலம் ரம்பத்தின் பல்லை மழுக்கிவிடும். அதைத் தாண்டினால் சோறு. ஈரமான, நார் நாரான, கையால் பிய்க்கக்கூடிய சோறு. அறுத்த முகத்தில் வளையம் ஒன்றும் இருக்காது. கறுப்புப் புள்ளிகள் மட்டும் இறைந்து கிடக்கும். விளிம்பில் நெருக்கமாகவும் உள்ளே போகப் போக விலகியும். வளையம் இல்லாததால் வெட்டிய பனையின் வயதை எண்ணிச் சொல்ல வழியில்லை.

தொல்காப்பிய மரபியல் இந்த வேற்றுமையை வைத்தே தாவரங்களை இரண்டாகப் பிரிக்கிறது. உள்ளே உறுதி இருந்தால் மரம், வெளியே உறுதி இருந்தால் புல். அந்தக் கணக்கில் பனை, புல். இன்றைய தாவரவியலும் பனையை நெல், மூங்கில், சோளம் இருக்கும் ஒருவித்திலைப் பக்கத்தில்தான் வைக்கிறது. தேக்கும் வேம்பும் இருக்கும் பக்கத்தில் அல்ல. 1978-இல் தமிழ்நாடு பனையை மாநில மரமாக அறிவித்தது. தொல்காப்பியரைக் கேட்டிருந்தால் மறுப்புத் தெரிவித்திருப்பார்.

பனையோடு வாழ்ந்தவர்கள் செய்த ஒவ்வொரு வேலையும் இந்த உடற்கூற்றைத் தெரிந்துகொண்டு செய்த வேலை. எங்கே வெட்டலாம், எங்கே கத்தியே படக்கூடாது, எதை ஈரத்தில் மடக்கவேண்டும், எதைச் சுண்ணாம்பில் பிடிக்கவேண்டும் என்பதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

முதலில் தண்டு. தேக்கில் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே கேம்பியம் என்ற மெல்லிய வளர்படலம் உண்டு. ஆண்டுதோறும் உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டையையும் அது சேர்த்துக்கொண்டே போகும். பனைக்கு அது கிடையாது. அதனால் ஒருமுறை உருவான தண்டு பிறகு பக்கவாட்டில் பருக்காது. அப்படியானால் இவ்வளவு பெரிய தடி எப்படி வந்தது? பனங்கன்று முதல் சில ஆண்டுகளுக்கு உயரவே உயராது. நிலமட்டத்தில் விசிறி இலைகளை விரித்துக்கொண்டு வடலியாக நிற்கும். பார்ப்பவர்களுக்கு வளரவில்லை என்றே தோன்றும். அந்த ஆண்டுகளில்தான் நுனிக்குருத்துக்கு அடியிலுள்ள பகுதி தண்டின் முழு அகலத்தையும் கட்டி முடிக்கிறது. அகலம் முடிந்த பிறகே உயரம் தொடங்கும். நட்ட கன்று நாலு வருடமாக அப்படியே நிற்கிறது என்று பிடுங்கி எறிபவர்கள், அஸ்திவாரம் முடிந்த வீட்டை இடிக்கிறார்கள்.

கேம்பியம் இல்லாததற்கு இன்னும் இரண்டு விளைவுகள் உண்டு. ஒன்று, காயம் மூடாது. மாமரத்தில் கிளை வெட்டிய இடத்தைச் சுற்றிப் பட்டை வளர்ந்து சில ஆண்டுகளில் மூடிவிடும். பனைத் தண்டில் கால் வைத்து ஏறுவதற்காக யாரோ செதுக்கிய பள்ளம், அந்த மரம் உள்ளளவும் பள்ளமாகவே இருக்கும். தேர்ந்த பனையேறிகள் தண்டில் கத்தி வைப்பதில்லை. காலில் தளைநாரை மாட்டிக்கொண்டு ஏறுகிறார்கள்.

இரண்டாவது விளைவுதான் எனக்குப் பெரிய வியப்பு. மற்ற மரங்களில் சர்க்கரை கடத்தும் புளோயம் குழாய்கள் சில பருவங்களே வேலை செய்யும். பழையவை ஓய, கேம்பியம் புதியவற்றைத் தரும். பனை இனத்தில் புதியவை வர வழியில்லை. மரம் குட்டையாக இருந்த காலத்தில் அடித்தண்டில் உருவான அதே செல்கள்தான், மரம் எண்பது அடி உயர்ந்த பிறகும் இலையில் செய்த சர்க்கரையை வேருக்கு இறக்கிக்கொண்டிருக்கின்றன. பனையினங்களின் உடற்கூற்றை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த பி. பி. டாம்லின்சன், தாவர உலகில் மிக நீண்டகாலம் உயிரோடு இயங்கும் செல்கள் பனைத் தண்டுகளில்தான் உள்ளன என்று வாதிட்டவர். நூறு வயதுப் பனையில் நூறு வயதுக் குழாய்.

தண்டின் நார்ச் செல்களோ ஆண்டுக்கு ஆண்டு சுவரைத் தடிப்பாக்கிக்கொண்டே போகின்றன. ஆகவே முதிர்ந்த மரத்தின் அடிப்பகுதி கறுத்து இறுகி நிற்கும். நுனிப்பகுதி எந்த வயதிலும் இளசு. வீட்டுக் கூரைக்குப் பனங்கை எடுப்பவர்கள் வைரம் பாய்ந்த மரத்தைத் தேடியதும், அதிலும் அடிப்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டதும் இதனால்தான். தண்டை நெடுக்காகப் பிளந்து உள்சோற்றைச் சுரண்டி எறிந்தால் நீர் ஓடும் கால்வாயும் கிடைத்துவிடும். வளைவைத் தாங்குவதற்கு மையத்திலுள்ள பொருளைவிட விளிம்பிலுள்ள பொருளே அதிகம் உதவும் என்பது பொறியியலின் பாலபாடம். சைக்கிள் சட்டம் குழாயாக இருப்பது அதனால்தான். பனை அந்தப் பாடத்தைப் படிக்காமலே எழுதிய தேர்வு.

இனி ஓலை. ஒரு பனையின் கொண்டையில் முப்பது நாற்பது ஓலைகள் இருக்கும். ஏறத்தாழ மாதத்துக்கு ஒன்று புதிதாக விரியும். வகுத்துப் பாருங்கள்: ஓர் ஓலை சுமார் மூன்று ஆண்டு வேலை செய்துவிட்டுக் காய்கிறது. அதாவது மரத்தின் ஆண்டு வருமானம் பன்னிரண்டு ஓலை சொச்சம். அடியிலுள்ள முதிர்ந்த ஓலைகளை, அவை காய்ந்து தொங்குவதற்குச் சற்று முன்பு எடுத்துக்கொண்டால் மரத்துக்கு நட்டமில்லை. கொண்டையை மொட்டையாக்கி நாலு ஓலையை விட்டுவிட்டு இறங்குவது கொள்ளை. மரம் சமையலறையை இழந்து பல மாதம் பட்டினி கிடக்கும். குருத்தோலை எடுப்பது இன்னும் நுட்பம். பனைக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்று. பக்கக்கிளை இல்லை, மாற்று மொட்டு இல்லை. அந்த நுனி செத்தால் மரம் செத்தது. இடி விழுந்த பனை பிழைக்காததற்குக் காரணமும் இதுதான்.

குருத்தோலையும் சாரோலையும் கைக்கு வேறு வேறு. குருத்து இன்னும் வெயிலைக் காணாதது. பச்சையம் ஏறவில்லை, நார் இறுகவில்லை. அதனால் தந்த நிறத்தில், துணி மாதிரி மடங்கும். சாயம் நன்றாகப் பிடிக்கும். கிலுகிலுப்பையும் நகைப்பெட்டியும் அதில்தான். குருத்தை அடுத்து விரிந்த சாரோலை பாய்க்கும் பெரிய பெட்டிக்கும். முற்றியது கூரைக்கும் வேலிக்கும். ஓலையிலிருந்து உருவிய ஈர்க்கு துடைப்பத்துக்கும் பெட்டி விளிம்புக்கும் போகும். மட்டையின் தோலை உரித்தால் நார். அதில் கட்டிலும் நார்ப்பெட்டியும். மட்டையின் அடியில் மரத்தைத் தழுவியிருக்கும் வலை போன்ற பன்னாடை, கள்ளையும் பதநீரையும் வடிகட்ட. அடிமட்டையைத் தட்டி எடுக்கும் தும்பு தூரிகைகளுக்கு. தாலவிலாசம் என்ற பழைய நூல் பனைக்கு 801 பயன் சொல்கிறது என்பார்கள். கடைசி ஐம்பதில் புலவர் சற்றுத் தாராளமாக இருந்திருப்பார் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. முதல் நூறுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

முடைவதில் என்ன அறிவியல்? காய்ந்த ஓலையை மடக்கினால் ஒடியும். அதையே நீரில் நனைத்தோ இரவுப் பனியில் போட்டோ எடுத்தால் வளையும். ஓலையின் செல்சுவரில் செல்லுலோஸ் இழைகளைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸும் லிக்னினும் பசைபோல் நிரம்பியுள்ளன. காய்ந்த நிலையில் இவற்றின் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு விறைத்து நிற்கும். தண்ணீர் உள்ளே புகுந்ததும் அந்தப் பிடிகளுக்கு இடையே தான் போய் உட்கார்ந்துகொள்ளும். மூலக்கூறுகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவத் தொடங்கும். அந்த நேரத்தில் ஓலையை எப்படி மடக்கினாலும் கேட்கும். காய்ந்ததும் தண்ணீர் வெளியேற, மடங்கிய புது வடிவத்திலேயே பிணைப்புகள் மறுபடி விழும். பெட்டி விறைத்துவிடும். நல்ல வெயிலில் முடையாமல் காலையிலும் மாலையிலும் உட்கார்ந்து முடையும் பழக்கம் நிழலுக்காக மட்டும் ஏற்பட்டதில்லை. காற்றின் ஈரம் அப்போதுதான் ஓலைக்குச் சாதகம்.

ஆனால் ஈரத்தில் உப்பிய ஓலை காயும்போது அகலத்தில் சுருங்கும். நெருக்கிப் போடாத முடைச்சலில் காய்ந்த பிறகு கண் தெரியும். மாவு வைக்கும் பெட்டியில் கண் விழுந்தால் பெட்டி வீண். ஆகவே சில வரிசைகளுக்கு ஒருமுறை இழைகளை இழுத்து இறுக்குவார்கள். ஒரு பெட்டியில் ஆணி இல்லை, பசை இல்லை, முடிச்சும் விளிம்பில்தான். நடுவில் அதைப் பிடித்து வைத்திருப்பது உராய்வு. ஒவ்வொரு இழையும் அடுத்ததன் மேலும் கீழும் வளைந்து போவதால் ஒவ்வொரு குறுக்கிலும் ஓர் அழுத்தம். நூற்றுக்கணக்கான குறுக்குகளில் அந்தச் சிறு அழுத்தங்கள் சேர்ந்து, ஓர் இழையைத் தனியாக உருவ முடியாதபடி செய்துவிடுகின்றன. தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டில் இந்த வேலைக்கென்றே பெண்களின் கூட்டுறவு அமைப்பு வளர்ந்தது. யாழ்ப்பாணத்தில் காய்ச்சிய பாகைச் சிறு ஓலைக் குட்டானிலேயே ஊற்றி ஆறவிடுகிறார்கள். பனங்கட்டி அதற்குள்ளேயே இறுகும். சர்க்கரையும் அதன் உறையும் ஒரே மரத்திலிருந்து.

பாளைக்கு வருவோம். பனையில் ஆண் வேறு, பெண் வேறு. பூப்பதற்குப் பன்னிரண்டிலிருந்து இருபது ஆண்டு ஆகும். அதுவரை எது ஆண், எது பெண் என்று பார்த்துச் சொல்ல முடியாது. பெண் பனையில் மட்டுமே நுங்கு. பதநீர் இரண்டிலும் வரும். பதநீர் என்பது பூவுக்கும் காய்க்கும் போகவேண்டிய புளோயம் சாறு. தென்மாவட்டங்களில் கோடையை ஒட்டிய மாதங்கள்தான் பருவம். பனையேறி பாளையைக் கட்டி, கடிப்பு என்ற இடுக்கியால் நாள்கணக்கில் நசுக்கிப் பதப்படுத்தி, பிறகு நுனியை மெல்லிய சீவலாகச் சீவிக் கலயத்தைக் கட்டுகிறார். அதன்பின் காலையும் மாலையும் ஏறிச் சீவவேண்டும். ஒரு நாள் விட்டால் ஒழுக்கு அடங்கும். ஏனென்றால் வெட்டுப்பட்ட புளோயம் குழாய் சும்மா இருப்பதில்லை. கேலோஸ் என்ற பொருளைச் சுரந்து வாயை அடைக்கப் பார்க்கும். சீவும்போது எடுபடுவது அந்த அடைப்பு. காகிதக் கனத்துக்குச் சீவினால் போதும். கூடுதலாகச் சீவுகிறவர் பருவம் முடியும் முன்பே பாளையைத் தீர்த்துவிடுவார். ஒரு பாளையைப் பதநீருக்குச் சீவினால் அதில் நுங்கு இல்லை. இரண்டும் ஒரே கணக்கிலிருந்து எடுக்கும் பணம்.

சாற்றில் நூற்றுக்குப் பத்து முதல் பதின்மூன்று பங்கு சுக்ரோஸ் இருக்கும். கலயத்துக்குள் விழும் முன்பே காற்றிலும் பூச்சிகளின் காலிலும் வந்த ஈஸ்ட்டுகள் காத்திருக்கின்றன. சுக்ரோஸை இரண்டாக உடைக்கும் நொதி அவற்றிடம் உண்டு. உடைத்த குளுக்கோஸையும் ஃப்ரக்டோஸையும் தின்று சாராயமும் கரியமில வாயுவும் விடும். சில மணி நேரத்தில் பதநீர் கள்ளாகிவிடும். இன்னும் விட்டால் காடி. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசுவது இதைத் தடுக்க. சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்ட்டும் புளிப்பாக்கும் பாக்டீரியாவும் பெருக முடியாது. இன்னொரு பயனும் உண்டு: சாறு புளித்திருந்தால் காய்ச்சும் சூட்டிலும் சுக்ரோஸ் உடையும், உடைந்த சர்க்கரை படிகமாகாது, பாகு எவ்வளவு காய்ந்தாலும் பிசுபிசுத்தே கிடக்கும், கட்டியாகாது. சுண்ணாம்பு குறைந்தால் கருப்பட்டி இல்லை. கூடினால் கறுத்து, நாக்கில் கரிக்கும். அளவுகோல் எதுவும் இல்லாமல் விரல் கனத்தில் இந்த அளவைப் பிடிப்பது கைப்பழக்கம்.

ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறக்குறைய எட்டு லிட்டர் பதநீர் வேண்டும். அதில் ஏழு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கியாக வேண்டும். எட்டு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரவும் ஏழு லிட்டரை ஆவியாக்கவும் கிட்டத்தட்ட 18 மெகாஜூல் வெப்பம் தேவை. காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 15 மெகாஜூல் உண்டு. திறந்த அடுப்பு அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் பாத்திரத்துக்குக் கொடுக்கும். ஆக, ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஆறு கிலோ விறகு. வாய்க்கு இனிப்பாகச் சொல்லப்படும் 'இயற்கை வாழ்க்கை'யில் இந்த ஆறு கிலோவை யாரும் எழுதுவதில்லை. காய்ந்த ஓலையும் மட்டையும் உடைமுள்ளும் எரித்த வரை கணக்கு சரியாக வந்தது. நல்ல விறகை விலைக்கு வாங்கி எரித்தால் வராது. பனந்தொழில் ஊர்களில் முதலில் மாற்றவேண்டிய கருவி அடுப்பு என்பது என் முடிபு. காற்றோட்டம் சீரான, புகைபோக்கி வைத்த அடுப்பு விறகைப் பாதியாகக் குறைத்தால் அதுவே பெரிய கைவினை வளர்ச்சித் திட்டம்.

அடுத்தது மனிதரின் எரிபொருள். ஒருவர் பதினைந்து மீட்டர் உயர மரங்கள் முப்பது ஏறுகிறார், நாளுக்கு இருமுறை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 900 மீட்டர். துபாயிலுள்ள புர்ஜ் கலீஃபாவின் உயரம் 828 மீட்டர். மின்தூக்கி இல்லாமல், இடுப்பில் அரிவாளும் பாளைச் சாறும் சுமந்துகொண்டு, பருவம் முழுக்க ஒவ்வொரு நாளும் அந்தக் கட்டிடத்தைவிடக் கூடுதலாக ஏறி இறங்குவதற்குச் சமம். அறுபது கிலோ உடம்பை அவ்வளவு உயர்த்த, தசையின் திறன் நான்கில் ஒன்று என்று கொண்டாலும், ஏறுவதற்கு மட்டுமே ஐந்நூறு கலோரிக்கு மேல் செலவு. விழுந்தால் உயிர் போகும். பிழைத்தால் முதுகெலும்பு போகும். இந்த வேலைக்குச் சமூகம் தந்த பரிசு சாதி இழிவு. மகன்கள் ஏறாமல் போனதற்குச் சோம்பல் காரணம் என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒரு முறை அந்த மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்கவேண்டும். 1987-இல் தமிழ்நாட்டில் கள் தடை வந்த பிறகு, சுண்ணாம்பு போட்ட கலயத்துக்கும் போடாத கலயத்துக்கும் வேறுபாடு பார்க்காமல் கெடுபிடிகள் நடந்ததும் தொழிலை ஒடுக்கியது.

இந்தக் கணக்குகளையெல்லாம் பார்த்தபின், ஆண்டு முழுவதும் மலிவாகக் கிடைக்கும் கருப்பட்டியை நம்பாதீர்கள். பருவத்துக்கு மட்டும் வரும் சாறு, நாளுக்கு இரண்டு ஏற்றம், ஆறு கிலோ விறகு. இதில் வெள்ளைச் சர்க்கரையைக் கலக்காமல் மலிவு விலை வரவே வராது.

விதைக்கு வந்தால் இன்னொரு நேர்த்தி. நுங்கில் நாம் உறிஞ்சுவது செல்சுவர் இன்னும் தடிக்காத முளைசூழ்தசை. முற்றினால் அதே பொருள் மேனன் என்ற சர்க்கரைச் சங்கிலியாகக் கல்லாய் இறுகும். பழுத்த கொட்டையை மண்ணில் போட்டால் முளை அங்கேயே தலை தூக்காது. கொட்டையிலிருந்து ஒரு குழல் நேராகக் கீழே இறங்கும். அதன் நுனியில்தான் வருங்கால மரத்தின் குருத்து இருக்கிறது. வெயிலும் காட்டுத்தீயும் ஆட்டின் வாயும் எட்டாத ஆழத்தில் குருத்தைப் புதைத்த பிறகே முதல் இலை மேலே வரும். கொட்டைக்குள் இருந்த கல்லைக் கரைத்து உறிஞ்சும் பஞ்சுதான் நாம் தின்னும் தவுன். கரைந்தது கீழே இறங்கி, இளங்குருத்தைச் சுற்றிய இலையுறையில் மாவாகச் சேர்கிறது. அது பனங்கிழங்கு, கிழங்கு என்கிறோம், ஆனால் வேரல்ல. புரட்டாசி வாக்கில் உதிரியான மணல்மேட்டில் கொட்டைகளை நெருக்கி அடுக்குவது, குழல் தடையின்றி நேராக இறங்கட்டும் என்றுதான். பொங்கலுக்குக் கிழங்கு. யாழ்ப்பாணத்தில் அதைப் பிளந்து காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பருவத்தில் ஒரே மாதத்தில் குவிவதை ஆண்டு முழுக்கச் சாப்பிடும் வழி.

2021-இல் தமிழ்நாட்டின் வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றது. 76 லட்சம் விதைகள் தருவதாகவும் அறிவித்தது. செங்கல் சூளைக்குப் பனைகள் போன வேகத்தைப் பார்த்தவர்களுக்கு முதல் பாதி பெரிய ஆறுதல். இரண்டாம் பாதியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இன்று ஊன்றும் விதை பாளை விடப் பன்னிரண்டு ஆண்டாவது ஆகும். அன்று ஏற ஆளும், முடையக் கையும், காய்ச்ச நல்ல அடுப்பும் இல்லையென்றால் அந்த மரங்கள் வெறும் வரப்பு அடையாளங்கள். விதைப்பு விழாவுக்கு வரும் கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்கு, ஏறும் கருவியைச் சீர்செய்யவும் ஏறுபவருக்குக் காப்பீடு கேட்கவும் வந்தால் நல்லது.

உங்களிடம் நிலம் இருந்தால் சில வார்த்தை. பிளாஸ்டிக் பையில் வளர்த்த பனங்கன்றை வாங்காதீர்கள். கீழிறங்கும் குழல் பையின் அடியில் முட்டி வளைந்துவிடும், பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பிழைக்காது. ஆவணி, புரட்டாசியில் விழுந்த கொட்டையை, மரம் கடைசிவரை நிற்கப்போகும் இடத்திலேயே ஊன்றுங்கள். ஆணா பெண்ணா என்று தெரியாது. ஆகவே ஒன்றோடு நிறுத்தாதீர்கள். முதல் சில ஆண்டு உயரவில்லை என்று கவலைப்படாமல் ஆட்டிடமிருந்தும் டிராக்டரிடமிருந்தும் காத்தால் போதும். ஏற்கெனவே நிற்கும் பனை இருந்தால், பக்கத்து ஊர் பனையேறியைக் கூப்பிட்டு அடி ஓலைகளை மட்டும் இறக்கச் சொல்லுங்கள். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.